பிடித்த கிட்டாரிஸ்ட்டைப் பார்த்து எலக்ட்ரிக் கிட்டார் வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிடித்த கலைஞர் கையில் பார்த்த கிட்டாரே வேண்டும் என்று ஆசைப்படுவதில் எந்தத் தவறும் இல்லை. தினமும் கிட்டாரைக் கையில் எடுக்க வைப்பது அந்த ஆசைதான். ஆனால் புதிதாக வாங்குபவர்களோடு உட்கார்ந்து தேர்ந்தெடுக்கும்போது ஒரே தடுமாற்றத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். போஸ்டரில் இருக்கும் கிட்டாரை வாங்குகிறார்கள். ஆல்பத்தில் கேட்ட ஒலி வரவில்லை என்று சில வாரங்களில் சோர்ந்துபோகிறார்கள். போஸ்டரில் இருப்பதும் ஆல்பத்தில் ஒலிப்பதும் பல நேரம் வெவ்வேறு கருவிகள். ஒரே கருவியாக இருந்தாலும், அந்த ஒலியில் கிட்டாரின் பங்கு ஒரு பகுதிதான்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதல் நான்கும் கடைக்குப் போகும் முன் வீட்டில் முடிக்க வேண்டியவை. பெரும்பாலானவர்கள் எட்டாவது படியில் ஆரம்பிப்பதால்தான் சிக்கல்.

தொடங்கும் முன் தேவையானவை

ஓரளவு நல்ல ஹெட்ஃபோன், ஒரு நோட்டு, போனில் ஒரு டியூனர் செயலி. அதோடு, மொத்தமாக எவ்வளவு செலவழிக்க முடியும் என்ற தொகையை முன்பே முடிவு செய்து எழுதி வையுங்கள். கிட்டாரைப் பார்த்த பிறகு முடிவு செய்யும் தொகை எப்போதும் ஏறிக்கொண்டே போகும்.

போன் ஸ்பீக்கரில் கேட்டு எதையும் முடிவு செய்ய வேண்டாம். கிட்டாரின் அடித்தொனி அதில் கிட்டத்தட்டக் காணாமலே போய்விடும். எல்லாக் கிட்டாரும் ஒன்றுபோலவே கேட்கும்.

1. கலைஞரோடு நிற்காமல் மூன்று பாட்டுகளைத் தேர்ந்தெடுங்கள்

"எனக்கு எரிக் கிளாப்டன் மாதிரி வேண்டும்" என்றால் எந்த கிளாப்டன்? 1966ல் ஜான் மேயாலோடு வாசித்தவர், கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் கிட்டாரை மார்ஷல் ஆம்பில் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) செருகி முழு சத்தத்தில் வாசித்தார். எழுபதுகளில் அவர் கையில் இருந்தது பிளாக்கி என்ற ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், சுருக்கமாக ஸ்ட்ராட். பழைய ஸ்ட்ராட்டுகளின் பாகங்களைச் சேர்த்து அவரே உருவாக்கியது அது. இரண்டும் அவருடைய ஒலிதான். ஆனால் ஒரே கிட்டாரில் இரண்டும் வராது.

அதனால் உங்களை உண்மையிலேயே உலுக்கும் மூன்று பாட்டுகளை மட்டும் எழுதுங்கள். மூன்றும் ஒரே காலகட்டத்தைச் சேர்ந்தவையாக இருந்தால் நல்லது. இல்லையென்றால், எதைத் தினமும் வாசிக்க ஆசைப்படுவீர்களோ அந்தப் பாட்டுக்கு முதலிடம் கொடுங்கள்.

2. அந்தப் பதிவில் ஒலித்த கிட்டார் எது என்று தேடுங்கள்

மேடைப் படங்களை நம்ப வேண்டாம். தயாரிப்பாளர், ஒலிப்பதிவாளர், கலைஞர் ஆகியோரின் பேட்டிகளில் அந்த ஆல்பத்தைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஜிம்மி பேஜ் என்றாலே இடுப்புக்குக் கீழே தொங்கும் லெஸ் பால்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் லெட் செப்பலினின் 1969ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தை அவர் பெரும்பாலும் ஃபெண்டர் டெலிகாஸ்டரில், ஒரு சிறிய சுப்ரோ ஆம்பில் வாசித்தார். 1971ல் வந்த நான்காவது ஆல்பத்தின் மிகப் புகழ்பெற்ற சோலோவும் டெலிகாஸ்டர்தான். அந்த ஒலிக்காக லெஸ் பால் தேடி அலைபவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள்.

கர்ட் கோபெய்ன் கதை இன்னும் நுணுக்கமானது. அவருடைய 1965 ஃபெண்டர் ஜாகுவாரைப் பார்த்து ஜாகுவார் வாங்குகிறார்கள். வாங்கிய கிட்டாரில் ஒலி மெலிதாக, கூர்மையாக வருகிறது. காரணம், அவருடைய ஜாகுவாரில் அசல் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புகளே இல்லை. கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் காந்தச் சுருள்தான் பிக்கப். இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் பொருத்தி மாற்றியமைக்கப்பட்ட கிட்டார் அது. பெயரும் வடிவமும் ஒன்று, ஒலி வேறு.

ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு கேள்விகள்: எந்தக் கிட்டார்? அதில் என்ன மாற்றியிருந்தார்கள்? உறுதியான பதில் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, அடுத்த படியில் காதை வைத்தே பெரும்பகுதியைக் கண்டுபிடித்துவிடலாம்.

3. கேட்ட ஒலியை நான்காகப் பிரியுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இது. ஒரு கிட்டார் ஒலி என்பது கை, கம்பியும் சுருதியும், பிக்கப், ஆம்பும் பெடலும் (காலால் இயக்கி ஒலியை மாற்றும் சிறு பெட்டி) என்ற நான்கும் சேர்ந்து வருவது. நோட்டில் நான்கு பத்திகள் போட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் நிரப்புங்கள்.

*கை.* மார்க் நாப்ஃளர் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் விரலால் மீட்டுகிறார். 1978ல் வந்த டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் முதல் ஆல்பத்தில் கேட்கும் அந்தத் துள்ளல் விரலில் இருந்து வருகிறது. பிரையன் மே பிக்குக்குப் பதிலாக ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிப்பவர். கையில் இருந்து வருவதைக் கடையில் வாங்க முடியாது. அதை முதலிலேயே தனியாக எழுதிவிட்டால், அதற்காகக் கிட்டாரில் பணத்தைக் கொட்ட மாட்டீர்கள்.

*கம்பியும் சுருதியும்.* பாட்டோடு சேர்த்து டியூனரை வைத்துப் பாருங்கள். ஹென்ட்ரிக்ஸும் ஸ்டீவி ரே வானும் பெரும்பாலும் அரைச் சுரம் இறக்கி வாசித்தவர்கள். ஸ்டீவி ரே வான் 13ல் (0.013 அங்குலம்) தொடங்கும் மிகத் தடித்த கம்பிகளைப் பயன்படுத்தினார். அதைக் கேள்விப்பட்டு, சாதாரண சுருதியிலேயே 13 கம்பியைப் போட்டு விரலைப் புண்ணாக்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தடிமனைப் பின்பற்றுபவர்கள் சுருதியைக் கவனிப்பதில்லை. பிளாக் சப்பாத் குழுவின் டோனி அயோமி இதற்கு நேர் எதிர். தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல்களின் நுனியை இழந்தவர். அதனால் மெல்லிய கம்பிகளுக்குப் போனார், 1971ல் வந்த ஆல்பத்தில் சில பாட்டுகளுக்கு மூன்று அரைச் சுரம்வரை சுருதியை இறக்கினார். உலகின் மிகக் கனமான கிட்டார் ஒலிகளில் ஒன்று மெல்லிய கம்பியில் வந்தது. தடித்த கம்பி என்றால் தடித்த ஒலி என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

*பிக்கப்.* இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. சிங்கிள் காயிலில் ஸ்வரத்தின் தொடக்கம் கூர்மையாகக் கேட்கும். கார்டு மீட்டினால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெரியும். பக்கத்தில் ஒரு மெல்லிய இரைச்சலும் கூடவே வரும். ஹம்பக்கர் இரண்டு சுருள்களை இணைத்து அந்த இரைச்சலை ரத்து செய்கிறது. ஒலி தடித்து, நடுத்தொனி கூடி, அதிக வலுவோடு ஆம்புக்குப் போகிறது.

இதை அடையாளம் காண, பாட்டில் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) குறைவாக இருக்கும் இடத்தைத் தேடிக் கேளுங்கள். டிஸ்டார்ஷன் கூடக் கூட இந்த வேறுபாடு மங்கிவிடும். பிறகு, எந்த பிக்கப் என்று கவனியுங்கள். நெக் (கிட்டாரின் கழுத்து) பக்கம் இருப்பது உருண்டையாக, இனிமையாக ஒலிக்கும். பிரிட்ஜ் (பாடியில் கம்பிகள் தங்கும் பாகம்) பக்கம் இருப்பது கீறலாக, முன்னால் வந்து ஒலிக்கும். ஸ்ட்ராட்டில் ஐந்து நிலை சுவிட்சின் இரண்டாவது, நான்காவது நிலைகளில் இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து ஒலிக்கும்போது ஒரு கண்ணாடித் தன்மை வரும். நாப்ஃளரின் ஆரம்பகால ஒலி அங்கிருந்துதான். அந்த ஒலிக்கு மயங்கியவர் இரண்டு ஹம்பக்கர் மட்டும் உள்ள கிட்டாரை வாங்கினால் எவ்வளவு பழகினாலும் அது கிடைக்காது.

*ஆம்பும் பெடலும்.* பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோரின் நீண்டு மிதக்கும் ஸ்வரங்களைக் கேட்டுவிட்டு எல்லோரும் கறுப்பு ஸ்ட்ராட்டைத் தேடுகிறார்கள். அந்தக் கிட்டாரின் நெக், பிக்கப், பிரிட்ஜ் எல்லாமே ஆண்டுகள் போகப் போகப் பல முறை மாறியவை. ஆனால் ஒலி அவருடையதாகவே இருந்தது. உரத்த, சுத்தமான ஹைவாட் ஆம்ப், அதற்கு முன்னால் ஒலியை முரடாக்கும் ஃபஸ் பெடல், அப்புறம் எதிரொலி தரும் டிலே என்ற சங்கிலிதான் அந்த மிதப்பில் பெரும்பங்கு. பிரையன் மேயின் ஒலியிலும், அப்பாவோடு சேர்ந்து அவர் செய்த ரெட் ஸ்பெஷல் கிட்டார் அளவுக்கு வாக்ஸ் ஏசி30 ஆம்பும் உயர்தொனியைத் தூக்கும் டிரெபிள் பூஸ்டரும் முக்கியம்.

நான்கு பத்திகளும் நிரம்பியதும், உங்களை ஈர்த்தது எதில் இருக்கிறது என்று பாருங்கள். முதல் பத்தியிலோ நான்காவது பத்தியிலோ இருந்தால், கிட்டார் தேர்வில் உங்களுக்கு நிறையச் சுதந்திரம் உண்டு என்று அர்த்தம். மூன்றாவது பத்தி என்றால் பிக்கப்பில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

4. கண்டுபிடித்ததை ஒரு சீட்டில் எழுதுங்கள்

கடையில் பிராண்டு பெயரைச் சொல்லிக் கேட்டால் பிராண்டைத்தான் காட்டுவார்கள். அம்சங்களைச் சொல்லிக் கேட்டால் உங்கள் தொகைக்குள் பல கிட்டார்கள் வரும். சீட்டில் இருக்க வேண்டியவை இவை.

பிக்கப் வகையும் எண்ணிக்கையும். இதை மூன்றாவது படியில் கண்டுபிடித்துவிட்டீர்கள். பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்கப் என்றால் அதையும் குறியுங்கள். மெட்டாலிக்காவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் வாசிப்பது அந்த வகை. அதில் கேபிளைச் செருகியே வைத்திருந்தால் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

ஸ்கேல் நீளம். தலைப்பகுதி அருகே கம்பிகள் தங்கும் நட்டில் இருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் தூரம் இது. ஸ்ட்ராட், டெலிகாஸ்டர் 25.5 அங்குலம், கிப்சனின் லெஸ் பால், எஸ்ஜி சுமார் 24.75, பிஆர்எஸ் பெரும்பாலும் 25, ஜாகுவார், முஸ்டாங், பிரையன் மேயின் ரெட் ஸ்பெஷல் ஆகியவை 24. ஒரே கம்பி, ஒரே சுருதி என்றால் நீளம் கூடக் கூட இழுவிசை கூடும். குட்டை ஸ்கேலில் பெண்டிங் (கம்பியை விரலால் தள்ளிச் சுருதியை ஏற்றுவது) எளிது, விரல்களும் அதிகம் விரிய வேண்டாம். ஆனால் சுருதியை நிறைய இறக்கினால் கம்பி தளர்ந்து தொளதொளக்கும். சுருதி இறக்கிய கனமான இசைதான் உங்கள் இலக்கு என்றால் 25.5 அல்லது அதற்கு மேல் பாருங்கள்.

பிரிட்ஜ். புதியவர்கள் அதிகம் அவதிப்படும் இடம் இதுதான். எடி வான் ஹேலனின் தலைகீழ்ப் பாய்ச்சல்களைக் கேட்டு, முதல் கிட்டாரிலேயே இரட்டைப் பூட்டு கொண்ட ஃபிளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் கேட்கிறார்கள். 1978ல் வந்த அவருடைய முதல் ஆல்பம் சாதாரண ஃபெண்டர் டிரெமோலோவில் (பிடியால் அசைத்துச் சுருதியை மாற்றும் பிரிட்ஜ்) பதிவானது. ஃபிளாய்ட் ரோஸ் பிறகு வந்தது. ஃபிளாய்ட் ரோஸ் போன்ற மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பியின் சுருதியை மாற்றினால் மற்ற ஐந்தும் நகரும். ஒரு கம்பியைப் பெண்ட் செய்தால் மற்றவை இறங்கும். கம்பித் தடிமனை மாற்றினால் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்குகளையும் சரி செய்ய வேண்டும். காது இன்னும் சுருதிக்குப் பழகாத நேரத்தில் இது பெரிய சுமை. உங்கள் மூன்று பாட்டிலும் வாமி பார் (பிரிட்ஜை அசைக்கும் பிடி) இல்லையென்றால் நிலையான பிரிட்ஜே போதும். லேசான அசைவு மட்டும் வேண்டுமென்றால் ஸ்ட்ராட் வகை டிரெமோலோவை எடுத்து, அது பாடியோடு ஒட்டி நிற்கும்படி ஸ்பிரிங்கை இறுக்கி வைத்துப் பழகலாம்.

ஃபிரெட்போர்டு, அதாவது விரல் அழுத்தும் பலகையின் வளைவு. பழைய ஃபெண்டர் பாணியில் 7.25 அங்குல ஆரம். கார்டு பிடிக்க வசதி, ஆனால் கம்பி தாழ்வாக இருந்தால் மேல் ஃபிரெட்டுகளில் (அந்தப் பலகையில் பதித்த குறுக்கு உலோகக் கட்டைகள்) பெரிய பெண்டிங் செய்யும்போது ஸ்வரம் செத்துவிடும். 9.5, 12 அங்குல ஆரங்களில் அந்தத் தொந்தரவு குறைவு. இங்வே மால்ம்ஸ்டீன் பாணியில் ஃபிரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழித்த ஃபிரெட்போர்டும் உண்டு. கமகம் வாசிக்க விரும்புபவர்களுக்கு அது பிடித்துப்போகலாம். ஆனால் கை கொஞ்சம் அழுத்தினாலே சுருதி ஏறிவிடும் என்பதால் முதல் கிட்டாருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாடி. திடமான பாடியா, உள்ளே வெற்றிடம் உள்ள செமி ஹாலோவா என்பது போதும். பி.பி. கிங்கின் லூசில், கிப்சன் இஎஸ்-355 வகை செமி ஹாலோ. சத்தம் கூடினால் இவ்வகைக் கிட்டார்கள் எளிதில் ஃபீட்பேக்கில் ஊளையிடும். அதனால்தான் 1980ல் அவர் பெயரில் வந்த சிக்னேச்சர் மாடலில் மேல்பலகையின் எஃப் வடிவத் துளைகளையே விட்டுவிட்டார்கள். கனமான டிஸ்டார்ஷன் உங்கள் பட்டியலில் இருந்தால் திட பாடி பாதுகாப்பானது.

நிறம், மர வகை, தலைப்பகுதி வடிவம் எல்லாம் சீட்டின் கடைசியில். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. பிடித்த நிறம் கையில் எடுக்கத் தூண்டும். மேலே இருப்பவை பொருந்திய பிறகு பாருங்கள்.

5. உங்கள் உடம்புக்கு ஒத்துவருகிறதா பாருங்கள்

லெஸ் பால் நான்கு கிலோவைத் தாண்டுவது சாதாரணம். வாரை மாட்டிக்கொண்டு நின்றபடி வாசித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். உட்கார்ந்தால் எடை தெரியாது. எஸ்ஜி எடை குறைவு. ஆனால் சில எஸ்ஜிக்களில் கையை விட்டால் நெக் கீழே சாயும்.

இடது கைக்காரர்கள் ஹென்ட்ரிக்ஸைப் பார்த்து வலது கைக் கிட்டாரைத் திருப்பிப் பிடிக்கலாம் என்று நினைக்கிறார்கள். அவர் கம்பிகளையும் மாற்றிக் கட்டினார். நட் பள்ளங்கள் கம்பித் தடிமனுக்கு ஏற்ப வெட்டப்பட்டிருப்பதால் அவையும் மாற வேண்டும். குமிழ்கள் கைக்கு இடிக்கும், உயர் ஃபிரெட்டுகளுக்கான வெட்டு எதிர்ப்பக்கம் போய்விடும். இடது கைக்கென்றே செய்த கிட்டார் கிடைக்குமென்றால் அதையே வாங்குங்கள்.

6. பணத்தைப் பிரித்து வையுங்கள்

மொத்தத் தொகையும் கிட்டாருக்கே போய்விட்டால், கடைசியில் ஒரு பெட்டிச் சத்தத்தில்தான் அது ஒலிக்கும். தொகையில் பாதியளவு கிட்டாருக்கு, மூன்றில் ஒரு பங்கு ஆம்ப் அல்லது மாடலருக்கு (பல ஆம்புகளின் ஒலியைப் போலச் செய்யும் கருவி), மீதி கேபிள், வார், டியூனர், கூடுதல் கம்பி, செட்டப் செலவுக்கு என்று பிரித்தால் நிம்மதி. மூன்றாவது படியில் உங்கள் ஒலி ஆம்பில்தான் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் கிட்டார் பங்கை இன்னும் குறைக்கலாம்.

பல கலைஞர்களைப் பிடிக்கும் என்றால் முதல் ஆம்பாக மாடலர் வகை நல்லது. வாக்ஸ், மார்ஷல், ஃபெண்டர் ஆகிய மூன்று குடும்பங்களின் ஒலியையும் ஒரே பெட்டியில் முயன்று பார்த்து, உங்களுக்கு எது என்று காது தானே முடிவு செய்யும்.

7. சிக்னேச்சர் மாடல் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் நான்காவது படியில் எழுதிய சீட்டோடு ஒப்பிட்ட பிறகு. சிக்னேச்சர் மாடல் ஒரு கலைஞரின் தேவைக்காகச் செய்தது. கிளாப்டன் சிக்னேச்சர் ஸ்ட்ராட்டில் நடுத்தொனியைத் தூக்கும் மின்சுற்றும் அதற்கு ஒரு பேட்டரியும் இருக்கும். அது தெரியாமல் வாங்கியவர் சாதாரண ஸ்ட்ராட் ஒலியை எதிர்பார்த்துக் குழம்புவார்.

சில மாடல்களுக்குக் குறைந்த விலைப் பதிப்பும் வரும். ஜான் மேயரின் பிஆர்எஸ் சில்வர் ஸ்கை 2018ல் வந்தது, அதன் எஸ்இ பதிப்பு 2022ல். இப்படிப்பட்ட பதிப்புகளில் ஸ்கேல் நீளம், பிக்கப் அமைப்பு, ஃபிரெட்போர்டு வளைவு ஆகியவை அசலோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். கையெழுத்தும் நிறமும் மட்டும் ஒத்திருந்தால் அதே விலையில் கையெழுத்து இல்லாத கிட்டார் பெரும்பாலும் மேலாக இருக்கும்.

அசல் கருவியே கூட நினைப்பதுபோல இருப்பதில்லை. கன்ஸ் என் ரோசஸின் 1987ஆம் ஆண்டு ஆல்பத்தில் ஸ்லாஷ் வாசித்த புகழ்பெற்ற லெஸ் பால், கிரிஸ் டெரிக் என்ற கைவினைஞர் செய்த நகல். கிப்சன் தொழிற்சாலையில் இருந்து வந்ததே அல்ல.

8. கையில் எடுத்துச் சோதியுங்கள்

ஆம்பில் செருகும் முன் வெறுமனே வாசியுங்கள். டிஸ்டார்ஷன் எல்லாக் குறையையும் மூடிவிடும்.

முதலில் சுருதி சேருங்கள். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் அழுத்தி, எங்காவது ஸ்வரம் கரகரக்கிறதா, சட்டென்று அடங்குகிறதா என்று கேளுங்கள். முதல் கம்பியைப் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேலே ஒரு முழுச் சுரம் பெண்ட் செய்யுங்கள். ஸ்வரம் தொடர்ந்து ஒலிக்க வேண்டும். நெக்கின் ஓரமாக விரலை ஓட்டி, ஃபிரெட் நுனிகள் குத்துகின்றனவா பாருங்கள்.

பிறகு பன்னிரண்டாவது ஃபிரெட்டில், கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அழுத்திய ஸ்வரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். சிறு வேறுபாட்டை பிரிட்ஜில் சரி செய்துவிடலாம். கரகரப்பும் கம்பி உயரமும்கூட பெரும்பாலும் சரி செய்யக்கூடியவை. முறுக்கிக்கொண்ட நெக், தேய்ந்து பள்ளம் விழுந்த ஃபிரெட் என்றால் விட்டுவிடுங்கள்.

ஆம்பில் செருகும்போது, முதலில் சுத்தமான ஒலி. எல்லா பிக்கப் நிலைகளையும் மாற்றிப் பாருங்கள், குமிழ்களைத் திருப்பும்போது கரகரப்பு வருகிறதா கேளுங்கள். கடைசியில் உங்கள் மூன்று பாட்டில் ஒன்றின் சிறு பகுதி. இன்னும் வாசிக்கத் தெரியாது என்றால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய் வாசிக்கச் சொல்லி, எதிரே நின்று கேளுங்கள். வாசிப்பவர் எவ்வளவு திறமைசாலி என்பதைக் கேட்டு மயங்காமல், சீட்டில் எழுதிய ஒலி வருகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

9. வாங்கிய பிறகு: முதலில் செட்டப், மாற்றங்கள் பிறகு

புதிய கிட்டார் பயணத்திலும் தட்பவெப்ப மாற்றத்திலும் கொஞ்சம் மாறியிருக்கும். தெரிந்தவரிடம் கொடுத்து நெக் வளைவு, கம்பி உயரம், இன்டோனேஷன் (எல்லா ஃபிரெட்டிலும் சுருதி சரியாக இருப்பது) மூன்றையும் இந்த வரிசையில் சரி செய்யுங்கள். நெக்கைத் தொட்டால் உயரம் மாறும், உயரம் மாறினால் இன்டோனேஷன் மாறும். வரிசை தப்பினால் மறுபடி முதலில் இருந்து செய்ய வேண்டியிருக்கும். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பி 1.5 முதல் 2 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் தொடங்குபவருக்கு வசதி. கம்பி 9 அல்லது 10ல் தொடங்கும் செட் போதும், உங்கள் கலைஞர் எதைப் போட்டாலும் சரி.

விருப்பமான ஒலி இன்னும் வரவில்லை என்றால் உடனே பிக்கப்பை மாற்ற ஓடாதீர்கள். செலவில்லாதவற்றை முதலில் செய்யுங்கள்: கிட்டாரின் வால்யூம், டோன் குமிழ்களைக் குறைத்துப் பாருங்கள், பெரும்பாலான புதியவர்கள் இரண்டையும் பத்திலேயே விட்டுவிடுகிறார்கள். ஆம்பில் டிஸ்டார்ஷனைக் குறைத்து நடுத்தொனியைக் கூட்டுங்கள். பிக்கப்பின் இருபுறமும் உள்ள திருகால் அதன் உயரத்தை மாற்றிப் பாருங்கள். சிங்கிள் காயிலைக் கம்பிக்கு மிக அருகில் கொண்டுபோனால் காந்தம் கம்பியை இழுத்து சுருதியை அலைக்கழிக்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக.

அதற்குப் பிறகும் குறை தெரிந்தால் புதிய கம்பி, பிறகு வேறு தடிமனில் பிக், பிறகு ஒரு பெடல். பிக்கப் மாற்றம் இதற்கெல்லாம் கடைசி. மாற்றும்போது கழற்றிய பிக்கப்பையும் திருகுகளையும் ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். சிங்கிள் காயில் இருந்த இடத்தில் ஹம்பக்கர் போடுகிறீர்கள் என்றால் வால்யூம் குமிழின் பொட்டென்ஷியோமீட்டரையும் 250 கிலோ ஓமில் இருந்து 500க்கு மாற்றச் சொல்லுங்கள். பழையதையே விட்டால் ஹம்பக்கர் மூடிப்போய் மந்தமாக ஒலிக்கும்.